டப்பாவுல வார வாரிசு

ஏலேய், அந்தப் பையில என்னத்தச் சுருட்டி வச்சிருக்க? கருவாடுன்னா இந்நேரம் மணம் வந்திருக்கும். கொண்டா பாப்போம். அடேங்கப்பா, டப்பா! கறுப்பு டப்பா, தங்க எழுத்து, மேல ஒரு சிங்கம் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கி. உள்ள அறுபது மாத்திரை. வெலய வாய்விட்டுச் சொல்லிராத. அந்தா சாளையக் கூறு போட்டு உக்காந்திருக்காளே, அவ காதுல விழுந்தா மயங்கி விழுந்துருவா.

புள்ள வேணுமாக்கும். அதுக்கென்னல வெக்கம்? ஆறு பேருல ஒருத்தருக்கு வாழ்நாள்ல எப்பவாச்சும் இந்தச் சிக்கல் வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லியிருக்கு. ஆறுல ஒண்ணுன்னா நம்ம தெருவுக்கு எத்தன வீடு, எண்ணிப் பாரு. அதுக்கு வெக்கப்படாண்டாம். பெத்தவகிட்டச் சொல்லாம, கட்டுனவகிட்டயும் சொல்லாம, டாக்டர் வாசலையும் மிதிக்காம, ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள செல்லப் பாத்து ஆர்டர் போட்டியே, அதுக்கு வெக்கப்படு.

கண்ணாடிய எடு. பொடி எழுத்துப் படிக்கணும். பெரிய எழுத்தப் படிக்கவன் வாங்கிட்டுப் போவான், பொடி எழுத்தப் படிக்கவன் வச்சுட்டுப் போவான். முன்பக்கம் சிங்கம் கர்ஜிக்குது. பின்பக்கம் என்ன போட்டிருக்கு? 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல.' நல்லாப் படி. நான் சொல்லல, அவனே சொல்லுதான். அவனும் ஆசைப்பட்டுப் போடல. உணவுப் பாதுகாப்புத் துறைக்காரன் 2016-ல விதி போட்டு, இந்த மாதிரிச் சத்து டப்பா எல்லாத்துலயும் அத எழுதியே ஆகணும்ன்னுட்டான். சட்டத்துக் கணக்குல இது தீனி. மிக்சர் பாக்கெட்டும் தீனிதான், இதுவும் தீனிதான். மிக்சருக்குச் சிங்கம் இல்ல, அம்புட்டுதான்.

நான் வாலிபனா இருக்கையில லாட்ஜ் வைத்தியர்ன்னு வருவாரு. இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இன்ன ரூம் நம்பர்ன்னு பேப்பர்ல போடுவாவ. போறவன் தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போவான். மாடிப்படியில தெரிஞ்ச மொகம் எதுக்க வந்துட்டா, 'ஒரு சிநேகிதனப் பாக்க வந்தேன்'ம்பான் இவன். 'நானும் அப்படித்தான்'ம்பான் அவன். ரெண்டு பேருக்கும் சிநேகிதன் ஒரே ரூம்லதான் இருப்பான். இப்பம் அந்த லாட்ஜே உன் சட்டைப் பையில வந்து உக்காந்துக்கிட்டு. ஆண்மைய வளக்குதேன், இன்பத்தப் பெருக்குதேன்னு மருந்து விளம்பரம் போடப்பிடாதுன்னு 1954-லயே டெல்லியில சட்டம் போட்டாச்சு. மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம்ன்னு பேரு. அந்தச் சட்டத்துக்கு வயசு எழுபது தாண்டிட்டு. விளம்பரத்துக்கு இன்னும் ஒரு முடி நரைக்கல.

சரி, உன் கதைக்கு வருவோம். நீ பாக்குத சோலி என்ன? கப்பல் சோலி. எட்டு மாசம் தண்ணியில, ரெண்டு மாசம் தரையில. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருசம்ங்க. அந்த ரெண்டு வருசத்துல நீ வீட்டுல படுத்து எந்திச்சது எத்தன மாசம்? விரல மடக்கு. ஒரு கை தாண்டலயே? ஒரு வருசம் தடை கிடை இல்லாமச் சேந்து இருந்தும் தங்கலன்னாத்தான் டாக்டரே அதைக் குறைன்னு பேச ஆரம்பிப்பாரு. பொண்டாட்டிக்கு 35 வயசு தாண்டிட்டா ஆறு மாசம். அதுலயும் மாசத்துல கரு தரிக்கத் தோதான நாளு ஆறுதான். முட்டை வார நாளு ஒண்ணு, அதுக்கு முந்தின அஞ்சு. நீ சிங்கப்பூர்ல நங்கூரம் போட்டுக்கிட்டு மாத்திரைய முழுங்கினா, புள்ள வாட்ஸப்புலயா வரும்?

மாலத்தீவுக்குத் தோணி போட்ட காலத்துல எங்களுக்கும் இதே கதைதான். காத்து மாறுனாத்தான் வீடு திரும்புவோம். அப்பம் எங்க ஆச்சிமாருக்கு மாத்திரையப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா தோணி என்னைக்குக் கரை சேரும், மருமவளுக்கு என்னைக்குத் தலை முழுக்கு, ரெண்டு கணக்கும் தெரியும். மிச்சத்த எங்ககிட்ட விட்டுருவாவ.

இந்த டப்பாவுக்குள்ள என்னென்ன இருக்குன்னு பாப்பமா? எல்-கார்னிடைன். இது ஆட்டுக்கறியில இருக்கு. திங்காட்டாலும் உன் ஒடம்பே செஞ்சுக்கிடும். கோ-என்சைம் க்யூ10. சாளையில இருக்கு, ஈரல்ல இருக்கு, அதையும் ஒடம்பு தானாச் செய்யுது. செலினியம், சூரை மீன்ல. துத்தநாகம், நண்டுல, கறியில, எள்ளுல, கொண்டக்கடலையில. ஃபோலிக் ஆசிட், கீரையில, பயறுல. லைகோபீன்னா தக்காளிச் செவப்பு, அதுவும் எண்ணெய்யில வதங்குனாத்தான் ஒடம்புல நல்லாச் சேரும். ஒமேகா-3க்கு மறுபடியும் சாளை, அயிலை. ஆக மொத்தம் உங்க அம்ம செவ்வாக்கெழம வைக்குத சாளைக் கொழம்பும் முருங்கைக்கீரைத் தொவட்டலுந்தான் இங்க லத்தீன்ல எழுதிக் கெடக்கு. அந்தக் கொழம்ப வேண்டாம்ன்னு ஒதுக்கிட்டு நீ எங்க போற? நைட் கிளப்புக்கு. வெளியூர்க்காரன் கேட்டா என்னமோ ஏதோன்னு நெனைப்பான். நம்மூருல அது புரோட்டாக் கடை. நாலு புரோட்டா, சால்னா, அதுக்கு முன்ன ஒரு குவாட்டர், பின்ன ஒரு சிகரெட், எல்லாத்துக்கும் மேல சிங்க மாத்திரை ஒண்ணு. வயித்துக்குள்ள அந்த மாத்திரை யாரப் பாத்துக் கர்ஜிக்கும்?

அதுக்காவ சாளை தின்னா புள்ள வந்துரும்ன்னு நான் சொன்னதா ஊருல சொல்லித் திரியாத. அப்படிச் சொன்னா எனக்கும் ஒரு சிங்கம் வேணும். மனுசன் மனுசனா இருக்க நல்ல சாப்பாடு வேணும். உயிரணுவும் அந்த மனுசனுக்குள்ளதான் இருக்கு. மீனு, பயறு, கீரை, பழம்ன்னு திங்கவன் கணக்கு, கண்டதையும் பொரிச்சுத் திங்கவன் கணக்கவிட நல்லா இருக்குன்னு பல ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு. திங்கவனுக்கு மத்தப் பழக்கமும் நல்லதா இருந்திருக்கும், அதையும் சேத்து யோசி.

சோதிச்சுப் பாக்காமலா விப்பான்னு கேக்க. சோதிச்சிருக்கான் மக்கா, நல்லாவே சோதிச்சிருக்கான். அமெரிக்காவுல 2,370 தம்பதியளச் சேத்தாவ. எல்லாம் குழந்தைக்காவ வைத்தியம் பாக்க வந்தவிய. பாதி ஆம்பிளையளுக்கு ஆறு மாசம் தினமும் துத்தநாகம் 30 மில்லிகிராம், ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம். மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு தின்னவனுக்கும் தெரியாது, குடுத்தவனுக்கும் தெரியாது. 2020 சனவரியில முடிவ வெளியிட்டாவ. நெசமாத்திரை தின்னவன் வீட்டுல நூத்துக்கு 34 புள்ள. வெறும் மாத்திரை தின்னவன் வீட்டுல 35. என்னல முழிக்க? வெறும் மாத்திரைக்காரன் ஒரு புள்ள கூட. உயிரணு கூடல, ஓட்டமும் கூடல. கூடினது என்ன தெரியுமா? வயித்து வலி, வாந்தி, குமட்டல். வாந்தி எடுத்தது பொண்டாட்டியில்ல, புருசன்!

அந்த 35-ஐ நெனவுல வையி. அது நம்மூருல நடந்திருந்தா, வெறும் மாத்திரைய முழுங்கி அப்பனான அந்த 35 பேரும் டப்பாக்காரனுக்குச் சாட்சி சொல்லியிருப்பான். 'எனக்குப் பலிச்சிட்டு'ன்னு கையில புள்ளையத் தூக்கிக்கிட்டு வீடியோவுல நிப்பான். பொய் சொல்ல மாட்டான் பாவம். அவனுக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்.

ஸ்பெயின்ல 2018-ல ஒண்ணு பாத்தாவ. 119 வாலிபப் பயலுவ. பாதிப் பேரு தினமும் 60 கிராம் வாதுமை, அக்ரூட்டு, ஹேசல் பருப்பு தின்னான், பதினாலு வாரம். தின்னவனுக்கு உயிரணு கூடிட்டு, ஓட்டமும் கொஞ்சம் கூடிட்டு. நல்ல சேதிதான். ஆனா அவிய எல்லாம் ஒரு குறையும் இல்லாத இளவட்டம். புள்ள பொறந்துதான்னு யாரும் பாக்கல. இன்னொண்ணு, அந்த ஆராய்ச்சிக்குக் காசு குடுத்ததுல ஒருத்தரு சர்வதேசப் பருப்பு வியாபாரக் கழகம். நம்ம துறைமுகத்துல ஆப்பிரிக்காவுலேர்ந்து முந்திரிக்கொட்டை மூடை மூடையா எறங்குது. இறக்குத கம்பெனிக்காரன்கிட்ட முந்திரி ஒடம்புக்கு நல்லதான்னு கேட்டா என்ன சொல்லுவான்? அதுக்காவ அந்த ஆராய்ச்சி பொய்ன்னு ஆயிராது. பருப்பத் தின்னு, ருசியா இருக்கும். சேதிய மட்டும் கொஞ்சம் சலிச்சுக் கேளு, அம்புட்டுதான்.

காக்ரேன்னு ஒரு அமைப்பு, உலகத்துல வந்த ஆராய்ச்சியையெல்லாம் கூட்டி வச்சுச் சலிச்சுப் பாக்குதவிய. 2022-ல இந்தச் சத்து மாத்திரை சம்பந்தமா 90 ஆராய்ச்சி, பத்தாயிரத்துக்கு மேல ஆம்பிளையள் கணக்க எடுத்து அலசினாவ. பலன் இருந்தாலும் இருக்கலாம், ஆனா ஆதாரம் ரொம்பப் பலவீனம்ன்னு முடிச்சிட்டாவ. டப்பாவுல எழுதுதவன் 'இருக்கலாம்'ங்கத மட்டும் எடுத்துக்கிட்டான். அதுலயும் 'லாம்' கழண்டு கடல்ல விழுந்துட்டு.

பாத்துக்க, கூடத் தின்னா கூடப் பலன்னும் நெனைக்காத. செலினியம் அளவு மீறினா முடி கொட்டும், நகம் ஒடையும். துத்தநாகம் மீறினா ஒடம்புல செம்புச் சத்துக் கொறஞ்சு ரத்தச் சோகை பிடிக்கும். மூணு டப்பாவ ஒண்ணா வாங்கினா ஒரு டப்பா இலவசம்ங்கான் பாரு, முடியில்லாத தலையோட அப்பனாகப் போற.

இதெல்லாம் சீமைச் சரக்கு. நம்ம கடல் சரக்கு மட்டும் என்ன லேசா? இந்த மன்னார் வளைகுடாவுல கடல் அட்டை கெடக்கு. அதைப் பிடிச்சு, அவிச்சு, காயவச்சு, இலங்கைக்குக் கடத்தி, அங்கேர்ந்து சீனாவுக்கு. தின்னா ஆம்பிளைத்தனம் பொங்குமாம். 2001-லேர்ந்து வனவிலங்குச் சட்டத்துல அதுக்குப் பாதுகாப்பு, கடல் குதிரைக்குந்தான். பிடிச்சா ஜெயிலு. இருந்தும் பீடி இலை மூடையோட அதுவும் நம்ம கரையில அடிக்கடி மாட்டுது. அந்த அட்டைய நீ பாத்திருக்கியா? பயங்காட்டினா தன் கொடலயே வெளிய கக்கிட்டுக் கெடக்கும். கொடலயே கையில பிடிச்சு வச்சுக்கத் தெரியாத பிராணி, உனக்கு ஆண்மை தரப் போவுது!

அதுக்கு மேல அம்பர்கிரீஸ். நம்மாளு திமிங்கில எச்சில்ம்பான், வாந்திம்பான். அது எண்ணெய்த் திமிங்கிலத்தோட கொடல்ல உருவாகுத கட்டி. சென்ட் கம்பெனிக்காரன் வாங்குவான். அந்தக் காலத்து ராசாமாரு வீரியத்துக்குன்னு தின்னிருக்காவ. 2023 மே மாசம் நம்ம துறைமுகக் கடற்கரையில 18 கிலோவுக்கு மேல பிடிச்சாவ, மதிப்பு 31 கோடிக்கு மேலன்னாவ. திமிங்கிலத்தோட வயித்துக் கோளாறுக்கு 31 கோடி. உன் வயித்துக் கோளாற நீ பைசா குடுத்து வாங்குத. இதுல யாரு புத்திசாலி?

முத்து பற்பத்த மறந்துட்டனே. முத்துச் சாப்பிட்டா வாரிசு முத்து முத்தாப் பொறக்கும்ன்னு சொல்லி விப்பான். முத்துன்னா என்ன? சுண்ணாம்புச் சத்து. சங்கும் அதுதான், சோழியும் அதுதான், சிப்பி ஓடும் அதுதான். வைத்தியம் தெரிஞ்ச சித்த டாக்டர் வேற நோவுக்கு அளவாக் குடுப்பாரு, அதுல நான் மூக்க நொழைக்கல. எகிப்து ராணி கிளியோபாட்ரா ஒரு முத்தக் காடியில கரைச்சுக் குடிச்சதா பிளினின்னு ரோமாபுரிக்காரன் எழுதி வச்சிருக்கான். அவ குடிச்சது புள்ளைக்கில்லல, பந்தயத்துக்கு. ஒரே சாப்பாட்டுல இம்புட்டுச் செலவழிக்க முடியும்ன்னு பவுசு காட்டக் குடிச்சா. நீ பந்தயமும் இல்லாமக் குடிக்க.

இன்னும் ஒரு சங்கதி. இந்த முத்துச்சிப்பி இளவயசுல பெரும்பாலும் ஆணா இருக்கும். வளந்த பெறவு பலது பெண்ணா மாறிரும். அதப் பொடிச்சுத் தின்னுட்டு மீசைய முறுக்குதியே, என்னத்தச் சொல்ல! 1961-லதான் இந்தக் கடல்ல கடைசியா அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்திச்சு. அதுக்குப் பெறவு கடலடிப் பாருல போதுமான சிப்பி இல்ல. 1973-ல வேப்பலோடையில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரவிய சிப்பியத் தொறந்து, உள்ள கரு வச்சு, முத்த வளத்துக் காட்டினாவ. சிப்பிக்கே கரு வைக்க லேபு வந்து அம்பது வருசம் ஆச்சு. உனக்கு லேபு வாசப்படி ஏறக் கூச்சம்.

கடல்கட்டின்னு கேள்விப்பட்டிருக்கியா? உங்க பாட்டன் கேள்விப்பட்டிருப்பான். முத்துக்குளிக்க எறங்குமுன்ன சுறா வாயக் கட்ட மந்திரம் போடுதவன். எழுநூறு வருசத்துக்கு முன்ன மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தப்ப அவனுக்குப் பங்கு எடுத்த முத்துல இருபதுல ஒண்ணு. இலங்கைக் கரையில வெள்ளைக்காரன்கூட அவனுக்குச் சம்பளம் குடுத்து வச்சிருந்தான். ஏன்னா அவன் கரையில நிக்காட்டா குளிகாரன் தண்ணியில எறங்க மாட்டான். சுறா கடிக்கலன்னா மந்திரம் பலிச்சிட்டு. கடிச்சிட்டா குளிகாரன்கிட்ட ஏதோ தீட்டு. ரெண்டுலயும் முத்து அவனுக்கு. இதவிடக் கேளு, அந்த மந்திரம் அன்னைக்குப் பகலுக்கு மட்டுந்தானாம். ராத்திரியானா கட்ட அவுத்து விட்டுருவானாம், யாரும் களவாக் குளிச்சிரப்பிடாதுன்னு. மறுநாளு மறுபடி கட்டணும். டப்பாவுல 'மாதந்தோறும் தொடரவும்'ன்னு போட்டிருக்கானே, அந்த ஆளு யாரு வம்சம்ன்னு இப்பம் வெளங்குதா?

கடல்கட்டியாவது பாவம், குளிகாரனுக்குத் தைரியத்தக் குடுத்தான். இவன் உன் தைரியத்த வாங்கி வச்சுக்கிடுதான். எப்படிங்கியா? நீ பயப்படுதது குறைக்கில்ல மக்கா, சோதனைக்கு. டப்பா வாங்கினா ஏதோ செஞ்சிக்கிட்டு இருக்கோம்ன்னு மனசு சமாதானம் ஆயிருது. லேபுக்குப் போகாண்டாம். நீ குடுத்த ரூபா சத்துக்கில்ல, அந்தச் சமாதானத்துக்கு.

சத்து டப்பாவால கெடுதி கொஞ்சந்தான், காசோட போச்சு. ஜிம்முல ஊசி போடுதானே, அதுதான் வில்லங்கம். நெஞ்சு விரியணும், கை முறுக்கணும்ன்னு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆம்பிளை ஹார்மோன் ஏத்துனா ஆம்பிளைத்தனம் கூடும்ன்னு நெனைக்கான். வெளியேர்ந்து ஊசியில வந்தா, மூளை 'சரக்கு வந்துட்டு'ன்னு உள்ள பட்டறைய மூடிரும். உயிரணு உற்பத்தி படுத்துரும். அந்த ஊசிய உலக சுகாதார நிறுவனம் ஆம்பிளைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியா வச்சு 1990 வாக்குல சோதிச்சே பாத்திருக்கு. பெரும்பாலானவனுக்கு உயிரணுவே இல்லாமப் போயிட்டு. நிறுத்துனா அநேகமாத் திரும்பி வரும், மாசக்கணக்காகும். கண்ணாடியில பாத்தா சாண்டோ, கண்ணாடிச் சில்லுல வச்சுப் பாத்தா ஒண்ணுமில்ல.

சூடும் ஆகாது. ஆண்டவன் அதைப் பத்திரமா வயித்துக்குள்ள வைக்காம வெளிய தொங்கவிட்டது வேலையில்லாமலா? ஒடம்பவிட ரெண்டு மூணு டிகிரி குளிர்ச்சியா இருக்கணும். நீ இஞ்சின் ரூம்ல வேலை செய்யுத, கரைக்கு வந்தா மடியில லேப்டாப்பு, இறுக்கமா ஜீன்சு. கொஞ்சம் வேட்டி கட்டிக் காத்தாட நட. காச்சல் வந்து போனாலும் ரெண்டு மூணு மாசத்துக்குக் கணக்கு எறங்கும். சின்ன வயசுல உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துதா? வயசுக்கு வந்த பெறவு வந்துதா? விரையில வீக்கம் இருந்துதா? கழுத்துல சங்கிலி போட்டு விட்டு, சரியாப் போச்சுன்னு இருந்திருப்பாவ. டாக்டர் கேட்டா மறைக்காமச் சொல்லு. சிகரெட்டயும் குவாட்டரையும் பத்தி நான் சொல்ல ஒண்ணுமில்ல, உனக்கே தெரியும், அதான் மூஞ்சியத் திருப்புத.

ஒரு உயிரணு உருவாகி வளந்து வெளிய வர ஏறக்கொறைய ரெண்டரை மூணு மாசம் ஆகும். அதனாலதான் டப்பாக்காரன் 'மூணு மாசக் கோர்ஸ்'ங்கான், கெட்டிக்காரன். விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொன்ன ஊருல மூணு மாசம் கேக்கான். கூடவே 'புகை, மது தவிர்க்கவும், நன்றாக உறங்கவும்'ன்னும் போட்டிருக்கான், பாத்தியா? அதச் செஞ்சா மூணு மாசத்துல எவனுக்கும் கொஞ்சம் நல்லாத்தான் ஆகும். நல்லா ஆனா பேரு சிங்கத்துக்கு.

சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்? சட்டியில இருக்கா இல்லையான்னு எட்டிப் பாக்காம எதுக்குல அகப்பைய மினுக்குத? ரெண்டு நாளுக்குக் கொறையாம, ஏழு நாளுக்கு மிஞ்சாம விரதம். பெறவு ஒரு சின்ன டப்பா. இந்தச் சிங்க டப்பா இல்ல, லேபுல குடுக்குத வெறும் டப்பா. வீட்டுல எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு சேக்கணும், ஒடம்புச் சூட்டோட, மடியில வச்சு. ஒரு தடவ பாத்துட்டு முடிவு கட்டப்பிடாது, இன்னொரு தடவையும் பாக்கணும். ஊசி இல்ல, கத்தி இல்ல.

முடிவு வந்த பெறவு சீட்டப் பாத்து மயங்கி விழாத. 2021 கணக்குப்படி ஒரு மில்லியில 1 கோடியே 60 லட்சம் இருந்தாப் போதும். நூத்துக்கு 42 அசைஞ்சாப் போதும். உருவத்துல சரியா இருக்க வேண்டியது எத்தனன்னு நெனைக்க? நூத்துக்கு நாலு. ஆமால, நாலு! பள்ளிக்கூடத்துல 35 எடுக்க நீ மூணு வாட்டி மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்த. இங்க நாலு எடுத்தா பாசு. ஒருத்தன் சீட்டுல 96 உருவக்கோளாறுன்னு பாத்துட்டு அலறிக்கிட்டு டப்பா வாங்குதான், பாசான பய. அந்தக் கணக்குக்குக் கீழ இருந்தாலும் அப்பனானவன் உண்டு, மேல இருந்தும் ஆகாதவன் உண்டு.

கொறைவா இருந்தா டாக்டர் தொட்டுப் பாப்பாரு. விதைப்பையில ரத்தக் கொழாய் புடைச்சு முறுக்கிக் கெடக்கும், வெரிகோசீல்ம்பாவ. கொழந்தை இல்லன்னு வார ஆம்பிளையள்ல மூணுல ஒருத்தனுக்கு மேல இருக்குது. வேணும்ன்னா ஆபரேசன் பண்ணிச் சரி செய்யலாம். பாதையில அடைப்பு இருந்தா அதுக்கு வழி இருக்கு. மூளையிலேர்ந்து வார ஹார்மோன் கொறைவுன்னா அதுக்கு ஊசி இருக்கு, அது நல்ல ஊசி. சக்கரை நோய் கெளம்பியிருந்தா டாக்டர் பாக்கையில அதுவும் தெரிய வரும். இதுல எது சிங்க மாத்திரைக்குக் கேக்கும்? நெசமாவே ஏதாவது சத்துக் கொறைவா இருந்தா டாக்டரே ரத்தம் பாத்து எழுதிக் குடுப்பாரு, நானும் தின்னுன்னுதான் சொல்லுவேன்.

உன் பொண்டாட்டிக்கு இதுவரைக்கும் எத்தன ஸ்கேன்? எத்தன ஊசி? பனிமய மாதா திருவிழாப் பவனியில வெறுங்காலோட நடந்தவ அவ. தொட்டில் கட்டினவ அவ. உன் அம்ம யாரோ சொன்னாவன்னு சொல்லித் திருச்செந்தூருக்கும் நடந்தவ அவ. கிணத்தடியில, கல்யாண வீட்டுல, 'விசேசம் இல்லையா'ன்னு கேட்டு அவ மூஞ்சியத்தான் பாக்காவ. குழந்தை இல்லாத வீடுகள்ல பாதிக்குப் பாதி ஆம்பிளை பக்கமும் காரணம் இருக்குன்னு டாக்டர்மாரு சொல்லுதாவ. அவளுக்கு ஆன செலவுல பத்துல ஒரு பங்குகூட உன் சோதனைக்கு ஆகாது. மொத சோதனையே உனக்குத்தான் பாத்திருக்கணும், லேசான சோதனை அதுதான். ஆனா நீ டப்பாவக் கருவாட்டுப் பை மாதிரி மறைச்சு வச்சிருக்க, அவ பழிய மூஞ்சியில சொமந்துக்கிட்டுத் தண்ணிக்கொடம் எடுக்கா.

நாளைக்கு வெள்ளன மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ. தனியாப் போகக் கூச்சமா? முத்துக்குளிக்க எறங்குதவன் இடுப்புக் கயித்த யாரு கையில குடுத்துட்டுப் போவான்? அண்ணன் தம்பி கையில குடுக்க மாட்டான், மச்சான் கையில குடுப்பான். தங்கச்சி தாலி அந்தக் கயித்துல தொங்குதுன்னு மச்சானுக்குத் தெரியும். உன் மச்சானக் கூட்டிட்டுப் போ. சீட்டு எழுதுத எடத்துல பேரச் சத்தமாக் கேப்பாவ, நீயும் சத்தமாச் சொல்லு. வரிசையில நமக்குத் தெரிஞ்சவன் எவனாவது நின்னு, சிநேகிதனப் பாக்க வந்தேன்னு சொன்னான்னா, அவனுக்கும் ஒரு டோக்கன் போடச் சொல்லு.

உன் அம்மகிட்ட நான் பேசிக்கிடுதேன். மருமவளுக்கு இனிமே விரதம் கிடையாது, மொதல்ல மவனுக்குத்தான்னு சொல்லுதேன். கத்துவா, மூக்கச் சிந்துவா. கத்தட்டும். கல்யாணம் முடிஞ்சு அஞ்சு வருசம் கழிச்சுத்தான் உன்னப் பெத்தா, அதுவரைக்கும் அவ மாமியாகிட்ட என்ன பாடு பட்டான்னு எனக்குத் தெரியும். அதையும் சேத்து ஞாபகப்படுத்துதேன்.